பீரோவில் கிடக்கும் பழைய ஸ்மார்ட்போன்: செயலிகள், ஹாட்ஸ்பாட் பற்றிக் குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து சர்வீஸ் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஆட்கள் கேட்கும் கேள்விகள் இவை. 2014 முதல் 2018 வரை வாங்கி, திரை கீறல் விழுந்து, இப்போது பீரோவில் தூங்கும் போன்களை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். சாம்சங் ஜே2, ரெட்மி நோட் 4, பழைய மோட்டோ, லைஃப் என்று எதுவாகவும் இருக்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய போனுக்கு ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள். ஹாட்ஸ்பாட்டாக மற்றக் கருவிகளுக்கு நெட் கொடுப்பது, பாட்டுப் போடுவது, பாட்டிக்கு வீடியோ கால், ஏதாவது ஒன்று. எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டினால் அதுவும் ஹேங் ஆகும், நமக்கும் எரிச்சல்.

பழைய போனை எடுத்தவுடன் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

செட்டிங்ஸில் கடைசியில் ‘அபவுட் போன்’ இருக்கும். அங்கே ஆண்ட்ராய்டு எத்தனை என்று பாருங்கள். 4.4 அல்லது அதற்குக் கீழே என்றால் வாட்ஸாப்பை மறந்துவிடலாம். அந்தப் போன் ஹாட்ஸ்பாட்டுக்கும் பாட்டுக்கும் மட்டும். 5, 6 என்றால் வாட்ஸாப் ஓடும், பிரவுசர்தான் தகராறு செய்யும். 7.1க்கு மேலே இருந்தால் பாதித் தலைவலி குறைவு. 8, 9 இருந்தால் நீங்கள் கேட்கிற பெரும்பாலானவை ஓடும், கொஞ்சம் மெதுவாக.

அடுத்தது ராம். ஜே2 மாதிரி 1 ஜிபி ராம், 8 ஜிபி ஸ்டோரேஜ் என்றால் இரண்டு மூன்று செயலிகளுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

ஆன் செய்தேன், வைஃபை கிடைத்தது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பானதல்ல’ என்கிறது. வைரஸா?

பெரும்பாலும் தேதிதான். பேட்டரி அடியோடு வடிந்து மாதக்கணக்கில் கிடந்த போன், எழுந்ததும் தன்னை 2015 என்றோ 2010 என்றோ நினைத்துக்கொள்ளும். தேதி தப்பாக இருந்தால், ஒரு தளம் தான் அசல் என்று காட்டும் சான்றிதழ் எதுவும் அதற்குச் செல்லாது. வாட்ஸாப்பும் ‘தேதியைச் சரிசெய்’ என்று அடம்பிடிக்கும். தேதி, நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள். சிம் இல்லாவிட்டால் கையால் போடுங்கள். பத்தில் பாதிப் பேருக்கு இதோடு வேலை முடியும்.

தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் மறுக்கின்றனவா? உங்கள் ஆண்ட்ராய்டு 7.1க்குக் கீழே இருக்கும். உலகத்தில் ஏராளமான தளங்கள் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற இலவசச் சான்றிதழில் ஓடுகின்றன. பழைய ஆண்ட்ராய்டுக்குள் அதை அடையாளம் காணும் மூலச் சான்று கிடையாது. இடையில் ஒரு சலுகை ஏற்பாடு இருந்தது, அதுவும் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. இதற்கு எளிய வழி ஃபயர்ஃபாக்ஸ். அது போனுடைய பட்டியலை நம்பாமல் தன் சொந்தச் சான்றுப் பட்டியலை வைத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டு 8க்குக் கீழே புதிய பதிப்புகள் தருவதை 2025இல் நிறுத்திவிட்டார்கள் என்றாலும், கடைசியாக வந்த பதிப்பு ஓடும். குரோம் இன்னும் கறார்: ஆண்ட்ராய்டு 7ஐ 2023லும், 8, 9ஐ 2025லும் கைவிட்டது.

வாட்ஸாப் எந்தப் போன் வரை வரும்?

2025 ஜனவரியிலிருந்து ஆண்ட்ராய்டு 5 ஆவது வேண்டும். ஐபோனில் அதே ஆண்டு மே மாதம் முதல் ஐஓஎஸ் 15.1 வேண்டும். ஆகவே ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் மூன்றும் அவுட், 6எஸ் தப்பித்தது. இந்த எல்லை வருஷத்துக்கு வருஷம் மேலே நகரும். எனவே இன்று ஓடுகிறதே என்று முக்கியமான போட்டோக்களை அதிலேயே விட்டுவைக்காதீர்கள்.

ஒரே நம்பரைப் புதிய போனிலும் பழைய போனிலும் வைக்கலாம். பழைய போனில் வாட்ஸாப்பை நிறுவி, நம்பர் கேட்கும் திரையில் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, துணைச் சாதனமாக இணைக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு க்யூஆர் கோடு வரும். புதிய போனில் ஸ்கேன் செய்தால் முடிந்தது. பழைய போனில் சிம்மே தேவையில்லை. முதன்மைப் போனை 14 நாளுக்கு மேல் திறக்காமல் விட்டால் மட்டும் இணைப்பு அறுந்துவிடும்.

பாட்டியிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. அவருக்கு வீடியோ கால் வேண்டும்.

அவருடைய சிம் பட்டன் போனிலேயே இருக்கட்டும். வீட்டுப் பழைய ஸ்மார்ட்போனில் அந்த நம்பரைக் கொடுத்து வாட்ஸாப் தொடங்குங்கள். ஆறு இலக்க எண் பட்டன் போனுக்கு மெசேஜாக வரும். அதைப் போட்டால் போதும். பிறகு வேறு எல்லா ஐகானையும் முகப்பிலிருந்து நீக்கிவிட்டு வாட்ஸாப்பை மட்டும் நடுவில் வையுங்கள். மீடியா தானாக இறங்குவதையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் குடும்ப குரூப்பில் வரும் காலை வணக்கப் படங்களே 8 ஜிபியை ஒரு மழைக்காலத்துக்குள் நிரப்பிவிடும்.

மகன் துபாயில் இருக்கிறான். வாட்ஸாப்பில் மெசேஜ் போகிறது, கால் மட்டும் போகமாட்டேன் என்கிறது. போன் பழசு என்பதாலா?

போனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸாப் அழைப்பை அனுமதிப்பதில்லை. அங்கே அனுமதி உள்ள போட்டிம் போன்ற செயலியை இரண்டு பக்கமும் போட வேண்டும். இதற்காகப் புதுப் போன் வாங்கியவர்களும் இருக்கிறார்கள், பாவம்.

பிளே ஸ்டோர் ‘உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது’ என்கிறது. ஏபிகே, அதாவது செயலியின் நிறுவல் கோப்பை, வெளியிலிருந்து இறக்கிப் போட்டுவிடலாமா?

கூகுளில் தேடி முதலில் வரும் தளத்திலிருந்து என்றால் வேண்டாம். எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலிக் களஞ்சியத்தில் பழைய பதிப்புகளையும் அடுக்கி வைத்திருப்பார்கள். எந்த ஆண்ட்ராய்டுக்கு எது என்றும் எழுதியிருக்கும். அங்கே இல்லாவிட்டால் அந்தச் செயலி உங்களுக்கு இல்லை என்று விட்டுவிடுங்கள்.

ஜிபே, பேங்க் ஆப்?

போடாதீர்கள். சிலது ஓடும், ஓடுவது வேறு விஷயம். பாதுகாப்பு அப்டேட் நின்று ஆறேழு வருஷம் ஆன போனில் பணத்தை வைப்பது, வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது மாதிரி. நெட்டே இல்லாமல் பணம் அனுப்ப *99# இருக்கிறது. பேங்கில் பதிவு செய்த நம்பரிலிருந்து பட்டன் போனில்கூட வேலை செய்யும். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை.

அப்படியானால் எந்தச் செயலிகள்தான் உருப்படியாக ஓடும்?

நான் முதலில் சொல்வது, எதையும் இறக்க வேண்டாத ஒன்று: எஃப்எம் ரேடியோ. புதிய போன்களில் பலவற்றில் இது காணாமல் போய்விட்டது, பழையவற்றில் இருக்கிறது. ஹெட்செட்டைச் சொருக வேண்டும், அந்த ஒயர்தான் ஆன்டெனா. பிறகு ஸ்பீக்கருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல், டவரும் இல்லாமல் கிடந்தோமே, அந்த மாதிரி நேரத்துக்கு ரேடியோ ஓடுகிற போன் ஒன்றைச் சார்ஜோடு வைத்திருப்பது நல்லது. நாகர்கோவில் வானொலி நம் மாவட்டத்தில் தெளிவாகவே கேட்கும்.

பாட்டுக்கும் படத்துக்கும் விஎல்சி. என்ன ஃபார்மட் கொடுத்தாலும் முணுமுணுக்காமல் ஓட்டும். மெமரி கார்டில் பாட்டை ஏற்றி, பழைய ஸ்பீக்கரோடு ஒயரில் இணைத்தால் கடைக்கோ, கோயில் கொடைப் பந்தலுக்கோ, சர்ச் கொயர் பயிற்சிக்கோ அது போதும். போன் கால் வந்து நடுவில் பாட்டு நிற்கிற தொல்லையும் கிடையாது.

மேப்புக்கு ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மண்ட். வீட்டு வைஃபையில் தமிழ்நாட்டு வரைபடத்தை ஒருமுறை இறக்கிவிட்டால் பேச்சிப்பாறைக்கு மேலே ரேஞ்ச் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் புள்ளியைக் காட்டும். ஜிபிஎஸ்ஸுக்கு சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். நெட் இல்லாமல் முதல் தடவை இடம் பிடிக்கச் சில நிமிஷம் ஆகும். வானம் தெரிகிற இடத்தில் வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய இண்டிக் கீபோர்டு. இலேசானது, தமிழ்99 உண்டு. பிரவுசராக ஃபயர்ஃபாக்ஸ் கனமாக இருந்தால் ஓபரா மினி. ஃபேஸ்புக் வேண்டுமென்றால் லைட். யூடியூப் கோ என்று ஒன்று இருந்தது, 2022இல் மூடிவிட்டார்கள். பிரவுசரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஏதாவது?

உண்டு, எல்லையோடு. காற்று, அலை உயரம், எச்சரிக்கை எல்லாவற்றையும் ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடுகிறது. அவர்களுடைய சமுத்ரா செயலி இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காகச் செய்த ஃபிஷர் ஃப்ரெண்ட் செயலி தமிழிலேயே இருக்கிறது. வானிலைத் துறையின் மௌசம் வேறு. மூன்றில் உங்கள் போனில் எது நிறுவ முடிகிறதோ அதைப் போடுங்கள்.

கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளியதுமே ரேஞ்ச் போய்விடும். அதனால் குளச்சலிலோ முட்டத்திலோ தேங்காப்பட்டணத்திலோ இறங்குவதற்கு முன்பே அன்றைய அறிவிப்பைத் திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு இது உதவாது. 2017 நவம்பர் 30 ஒக்கியின்போது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகளுக்குச் செய்தி போய்ச் சேராததுதான் பெரிய கொடுமை. அதற்கு வயர்லெஸ், செயற்கைக்கோள் கருவிதான். பீரோ போனை அந்த இடத்தில் வைக்காதீர்கள். கையடக்க ஜிபிஎஸ் கெட்டுப்போனால் மாற்றாக, தண்ணீர் புகாத உறையில் போட்டு ஒரு ஓரத்தில் இருக்கட்டும்.

கரையில் இருப்பவர்களுக்கும் ஒன்று. வானம் தெளிவாக இருக்கும்போதே திடீரென அலை ஏறிவரும் கள்ளக்கடல் எச்சரிக்கையும் இதே இன்காய்ஸ்தான் தருகிறது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட நாளில்தான். வெளியூர் உறவினர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போகும் முன் பார்த்துவிடுங்கள்.

பழைய போனில் தனி சிம் போட்டு வீட்டுக்கு ஹாட்ஸ்பாட்டாக வைக்கலாமா? எந்த சிம்?

வைக்கலாம், போன் 4ஜி ஆக இருந்தால். ஜியோவுக்கு ஆரம்பத்திலிருந்தே 4ஜிதான். ஏர்டெல் 2020 வாக்கில் 3ஜியை மூடிவிட்டது. 3ஜி போனில் நெட்டை எதிர்பார்க்காதீர்கள். பிஎஸ்என்எல் 4ஜிக்கு ஒரு எச்சரிக்கை: அது 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அதாவது பேண்ட் 28ஐயும் பயன்படுத்துகிறது, பல பழைய போன்களில் அந்த பேண்ட் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் புதுப் போனில் பிஎஸ்என்எல் பறக்கிறதே என்று சிம் வாங்குவதற்கு முன், கடன் வாங்கிய சிம்மை உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். ‘4ஜி வருகிறது, கால் பேச முடியவில்லை’ என்றால் 4ஜியிலேயே கால் பேசவைக்கும் வோல்டே வசதி போனில் இல்லை என்று அர்த்தம். ஹாட்ஸ்பாட்டுக்கு அது ஒரு குறையே இல்லை.

கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கையிலிருக்கும் புதுப் போனிலேயே தினம் 2 ஜிபி மிச்சமாகிறது என்றால் இன்னொரு ரீசார்ஜ் தண்டம். நீங்கள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் பிள்ளைகளுக்கு நெட் வேண்டும், அல்லது கரண்ட் போய் ஃபைபர் பெட்டி அணைந்ததும் மாற்று வேண்டும் என்றால்தான் தனி சிம்முக்கு அர்த்தம்.

சிம் போடும்போது கவனம். பழைய போனில் மைக்ரோ சிம் பள்ளம் இருக்கும், உங்களிடம் இருப்பது நானோ. பிளாஸ்டிக் அடாப்டரில் வைத்துத் தள்ளினால் உள்ளே போய்விடும்; வெளியே இழுக்கும்போது சிம் உள்ளேயே நிற்க, அடாப்டரின் விளிம்பு உள்ளிருக்கும் பின்களைக் கொக்கி போட்டு இழுத்துவிடும். பின் வளைந்தால் போர்டு வேலை. அடாப்டரின் பின்பக்கம் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டி, சிம் அசையாமல் செய்துவிட்டுத் தள்ளுங்கள்.

அண்ணா, என் புதுப் போன் ஹாட்ஸ்பாட் லேப்டாப்பில் தெரிகிறது, பழைய போனில் மட்டும் தெரியவில்லை.

மக்களே, அது 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் இருக்கும். பழைய போன்களில் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் பேண்டை 2.4க்கு மாற்று. ஐபோன் 12 அல்லது அதற்கு மேலே என்றால் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்ற பட்டனை ஆன் செய். பெயர் தெரிந்தும் இணையவில்லை என்றால் பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3இல் இருக்கும், டபிள்யூபிஏ2க்கு இறக்கிவிடு. பாஸ்வேர்டே இல்லாமல் மட்டும் விடாதே.

கம்ப்யூட்டருக்கு நெட் கொடுக்க வைஃபையா, ஒயரா, புளூடூத்தா?

ஒயர். யுஎஸ்பி பகிர்வில் வேகம் நிலையாக இருக்கும், போனும் கூடவே சார்ஜ் ஆகும். விண்டோஸில் சொருகி, போனில் ‘யுஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்தால் போதும். அந்த பட்டன் மங்கலாகவே கிடந்தால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜுக்கு மட்டுமான மலிவுக் கேபிளில் டேட்டா ஒயரே இருக்காது. ஆப்பிள் மேக்கில் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் இந்த வழியில் அப்படியே ஒத்துவராது, அங்கே வைஃபைதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது. வைஃபை வசதியே இல்லாத பழைய டெஸ்க்டாப் வீட்டில் இருக்கிறதா? பழைய போனை வீட்டு வைஃபையில் இணைத்து, கேபிளில் கம்ப்யூட்டரோடு சேர்த்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். போன் தன்னிடம் உள்ள வைஃபை நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கடத்தும். சிம் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். திரை உடைந்த போன்கூட, தொடுதல் வேலை செய்தால் போதும்.

புளூடூத் மெதுவானது, 1 அல்லது 2 எம்பிபிஎஸ் கிடைத்தால் பெரிது. பேட்டரி குறைவாகத் தின்னும். மெயில் பார்க்க ஆகும், வீடியோவுக்கு ஆகாது.

ஹாட்ஸ்பாட் ஆன் ஆகிறது, இணைகிறது, ஆனால் நெட் வரவில்லை.

முதலில் அந்தப் போனிலேயே பிரவுசரைத் திறந்து நெட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், டேட்டா சேவர் ஆனில் இருக்கிறதா என்று பார்த்து அணையுங்கள். அதுவும் இல்லையென்றால் மொபைல் நெட்வொர்க் அமைப்பில், சிம் நிறுவனத்தின் நெட்டோடு போனை இணைக்கும் ஏபிஎன் உள்ளே ‘ஏபிஎன் டைப்’ என்ற வரி இருக்கும். அங்கே ‘டிஃபால்ட், எஸ்யுபிஎல்’ என்று மட்டும் இருந்தால், ஒரு கமா போட்டு டி, யு, என் என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளைச் சேருங்கள். பகிர்வுக்கான அனுமதி அதுதான். சேமித்து, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

லேப்டாப்பை இணைத்தால் ஒன்றரை ஜிபி அரை மணி நேரத்தில் காலியாகிறது!

விண்டோஸ் அப்டேட் குடித்திருக்கும். லேப்டாப்பில் அந்த வைஃபையின் பண்புகளைத் திறந்து ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்யுங்கள். ஒன்டிரைவ், கூகுள் போட்டோஸ் ஒத்திசைவையும் நிறுத்துங்கள். தினசரி அளவு தீர்ந்த பிறகு பெரும்பாலான திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். வாட்ஸாப்பில் எழுத்து மட்டும் போகும்.

குலசேகரம் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள் வீடு. ஒரு பாயின்ட் ரேஞ்சுதான்.

இங்கேதான் பழைய போன் புதிய போனைவிட உபயோகம். கையில் இருக்கிற போன் நீங்கள் போகிற இடத்துக்கெல்லாம் வரும். ஹாட்ஸ்பாட் போன் ரேஞ்ச் உள்ள ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். வீட்டைச் சுற்றி, மாடியிலும் நடந்து எந்த ஜன்னலில் நிலையாக இரண்டு பாயின்ட் வருகிறது என்று பாருங்கள். கான்கிரீட் கூரைக்குக் கீழே, இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நெட்வொர்க் வகையை ‘எல்டிஇ மட்டும்’, அதாவது 4ஜி மட்டும், என்று வைக்க முடிந்தால், அது 2ஜிக்குத் தாவித் தாவி வருவது நிற்கும். ஆனி ஆடி மழையில் ஜன்னல் சாரல் அடிக்கும், அதையும் யோசித்து இடம் பாருங்கள்.

களியக்காவிளை பக்கம் வந்தால் நெட் நின்றுவிடுகிறது.

போன் கேரள டவரைப் பிடித்திருக்கும். ‘டேட்டா ரோமிங்’ ஆனில் இருந்தால் நெட் தொடரும். இன்றைய வழக்கமான திட்டங்களில் இந்தியாவுக்குள் ரோமிங்குக்குத் தனிக் காசு பிடிப்பதில்லை. கொல்லங்கோடு, ஊரம்பு பக்கம் வீடு இருப்பவர்கள் அதை ஆனிலேயே விட்டுவிடலாம்.

லூமியா இருக்கிறது. ஏதாவது தேறுமா?

வாட்ஸாப் 2019 டிசம்பரோடு போய்விட்டது. அலாரம், கேமரா, ஹாட்ஸ்பாட், அவ்வளவுதான்.

ஹாட்ஸ்பாட் போனை எப்போதும் சார்ஜில் போட்டே வைக்கலாமா?

கூடாது. நெட் பகிரும்போது போன் ஏற்கெனவே சுடும். அதோடு நாள் முழுக்க நூறு சதவீதத்தில் நின்றால் பேட்டரி உப்பும். பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு, மேஜையில் வைத்தால் போன் சுழல்கிறதா? உடனே சார்ஜரைக் கழற்றுங்கள். குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், குப்பையில் போட்டு எரிக்காதீர்கள். கழற்றி மாட்டும் பேட்டரி என்றால் புதிது போட்டால் போன் மறுபடி ஓடும். உள்ளே ஒட்டிய பேட்டரி என்றால் கடையில் கொடுத்து மாற்றுங்கள். பேட்டரி உப்பாமல் நன்றாக இருந்தால் 80 வரை ஏற்றி, 30க்கு வந்ததும் மறுபடி ஏற்றுவது என்று பழக்கிக்கொள்ளுங்கள். தலையணைக்கு அடியில் ஒருபோதும் வேண்டாம். இணைப்பு இல்லாதபோது ஹாட்ஸ்பாட் தானாக அணையும் வசதியையும் ஆன் செய்துவிடுங்கள்.

கடைசியில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். ரீசெட் அடித்தால் போதுமா?

போதாது. முதலில் செட்டிங்ஸுக்குள் போய் உங்கள் கூகுள் கணக்கை நீக்குங்கள், அப்புறம் ரீசெட். ஆண்ட்ராய்டு 5.1க்குப் பிறகு வந்த போன்களில் பலவற்றில், கணக்கை நீக்காமல் பட்டன் அமுக்கி ரீசெட் செய்தால், திறக்கும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். வாங்கிக்கொண்டு போனவர் மறுநாள் உங்களைத் தேடி வருவார். மெமரி கார்டை உருவ மறக்காதீர்கள். ரீசெட் அதைத் தொடாது.